சூரியனுக்கு வெளியே ஒரு புள்ளி

கட்டிங் மாஸ்டர் வீட்டில் கத்தரிக்கோலுக்குக்கூட மரியாதை உண்டு. துணி வெட்டும் கத்தரியால் எவரேனும் காகிதத்தை வெட்டிவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தேநீர் கிடையாது. அத்தகைய வீட்டில், அவ்வாண்டு முழுவதும், மாஸ்டரின் இளைய மகளுக்கு அக்கத்தரியின் மரியாதைகூடக் கிட்டவில்லை.

தெருவுக்கு அவர் மாஸ்டர், வீட்டுக்கும் மாஸ்டர்தான். முன்னறையில் வெட்டுமேசை, அதனையொட்டி இரண்டு தையல் இயந்திரங்கள், சுவரோரம் இஸ்திரிப் பலகை. இடப்பக்க இயந்திரத்தில் மூத்த மகள் உட்காருவாள். அவளைப் பெரியவள் என்பார்கள். தாய் தரையில் அமர்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள், கொக்கி வைப்பாள். வலப்பக்க இயந்திரம் சின்னவளுக்குரியது. ஓராண்டாக அது பகலில் ஓடுவதில்லை. அதன்மேல் யாராவது துணியைப் போட்டுவைத்தால், எடுத்து வையுங்கள், மகாராணி வந்து உட்காருவார்கள் என்று மாஸ்டர் சொல்லுவார். யாரும் எடுக்கமாட்டார்கள்.

சின்னவள் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள். பட்டம் வந்த கையோடு நகராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக நியமன ஆணையும் வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று வீடே மகிழ்ந்திருந்த வேளையில், சேரும் நாளைத் தள்ளிவைக்கும்படி எழுதிப் போட்டுவிட்டு, அவள் பல்கலைக்கழகத்தின் வானியல் துறையில் போய்ச் சேர்ந்தாள். அறிவியல் படியாதவர்களையும் அத்துறை ஓராண்டுக்குச் சோதனை முறையில் சேர்த்துக்கொள்ளும். ஆண்டிறுதியில் தகுதிக் குழு கூடும். இருக்கலாம் என்றால் இருக்கலாம். போ என்றால் போகவேண்டியதே. அக்குழு கூடும் நாள் வருகிற வியாழக்கிழமை. நகராட்சி நீட்டி நீட்டிக் கொடுத்த கடைசித் தவணையோ வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. வியாழக்கிழமை துறையார் அவளை வெளியே தள்ளினால், வெள்ளிக்கிழமை அவள் வேலையில் சேர்ந்துவிடுவாள். ஆகவே, பெற்ற மகள் தோற்கவேண்டும் என்று ஒரு வீடு நாளெண்ணிக்கொண்டிருந்தது.

இந்தப் பித்து எங்கிருந்து வந்தது என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஒரு பழைய கல்வெட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். ஒரு மன்னன் சூரிய கிரகணத்தன்று நிலம் கொடுத்ததாக அதில் இருந்தது. ஆண்டைக் குறித்த இடம் மட்டும் சிதைந்துபோயிருந்தது. 'வானியலார் கணித்துக் கூறிய ஆண்டு இது' என்று அடிக்குறிப்பில் ஒரே வரி. எப்படிக் கணித்தார்கள் என்று தன் ஆசிரியரிடம் கேட்டாள். அது நம்முடைய வேலை அன்று என்றார் அவர். அந்த விடை, செருப்புக்குள் புகுந்த கல்லைப்போல் நடக்க நடக்க உறுத்திற்று. ஓர் அரசனுடைய காலத்தையே வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமென்றால், அதைச் சொல்லுகிறவர் எவரோ ஒருவராகவே ஏன் இருக்கவேண்டும் என்று நினைத்தாள். நினைத்தது அவ்வளவே.

திங்கட்கிழமை காலை, வெயில் ஏறுமுன்னரே புழுக்கம் அறையை நிறைத்திருந்தது. தீயணைப்பு நிலைய வாத்தியக் குழுவுக்காக நாற்பத்திரண்டு மூடுகழுத்துக் கோட்டுகள் தைத்து முடியும் தறுவாயில் இருந்தன. சனிக்கிழமை அவர்களுக்கு அணிவகுப்பு. கருஞ்சிவப்புக் கனத்துணி. அதைத் தைக்கிறவர்களுக்கு அது மடிமேல் கிடக்கும் அடுப்பு. சின்னவள் ரொட்டியைத் தேநீரில் தோய்த்து இரண்டே வாயில் விழுங்கிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டாங்க?" என்றார் மாஸ்டர், துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"துறைக்குப்பா. பத்து மணிக்கு இருக்கணும்."

"வானம் பாத்த பூமின்னு கேள்விப்பட்டிருக்கேன். வானம் பாத்த பொண்ண என் வீட்டுலதான் பாக்கறேன்."

"பூமியாவது மழை பேஞ்சா விளையும்" என்றாள் தாய், ஊசியில் நூல் கோத்தபடியே.

பெரியவள் சிரித்தாள். அவளுடைய கணவன் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளன். வேலைக்குப் போகுமுன் மனைவியை இங்கே கொண்டுவந்து விடுவது வழக்கம். அவனும் வாசலில் நின்றவாறு, தனக்கு எப்போது பதவி உயர்வு வரும் என்று ராசியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகுமாறு கேட்டான். வானியல் வேறு, சோதிடம் வேறு என்று முதல் மூன்று மாதம் அவள் அவனுக்கு எடுத்துரைத்ததுண்டு. அவனுக்கு அது தெரியாமலில்லை என்பது நாலாம் மாதத்தில் அவளுக்கு விளங்கியது. அன்றுமுதல் அவள் அதற்கு விடை சொல்வதில்லை.

வீட்டை விட்டால் துறை. துறையிலும் காற்று அதே திசையில்தான் வீசிற்று. அவள் வகுப்பில் மற்றெல்லாரும் இயற்பியலோ கணிதமோ படித்து வந்தவர்கள். வரலாறு படித்தவள் என்பதால் அவர்கள் அவளுக்கு 'ராஜாராணி' என்று பெயரிட்டிருந்தார்கள். முதல் வாரத்தில் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி, இது உங்களுக்குத் தெரிந்ததுதானே என்று சொல்லிக்கொண்டே அழித்துவிட்டார். அவள் கை தூக்கினாள். ஒருவருக்காக நாற்பது பேரை நிறுத்திவைக்க முடியாது என்றார் அவர். அன்று மாலையே பழைய புத்தகக் கடையில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கி, அட்டைக்குப் பழுப்புத்தாள் சுற்றி, பேருந்தில் நின்றுகொண்டே முதற்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். சைன் என்றால் என்ன என்பது முழுதாக மண்டையில் ஏற அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. கணக்குத் தாள் இரண்டிலும் இன்னும் தேறவில்லை. செய்முறைப் பயிற்சி ஒன்றே அவளுக்குக் கைகொடுக்கக்கூடியதாய் இருந்தது.

அப்பயிற்சி இவ்வளவுதான். மொட்டை மாடியிலுள்ள சிறு தொலைநோக்கியின் வழியே சூரியனின் பிம்பத்தை ஒரு வெள்ளைத்தாளின்மேல் விழச்செய்ய வேண்டும். தாளில் பதினைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டம் அச்சிட்டிருக்கும். பிம்பம் அவ்வட்டத்தில் அச்சாகப் பொருந்தவேண்டும். சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளியைப் பென்சிலால் அதே இடத்தில் குறிக்கவேண்டும். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் புள்ளி நாளுக்கு நாள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகரும். ஓரத்திலிருந்து புள்ளி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று நாள்தோறும் அளந்தால், சூரியன் ஒருமுறை சுற்ற எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஏறக்குறைய இருபத்தேழு என்று புத்தகம் சொல்லுகிறது. மேகம் விட்டுவைத்த எட்டு நாளும் சின்னவள் உச்சி வெயிலில் நின்று எட்டுத் தாள்களில் புள்ளி வைத்தாள். இந்த எட்டு நாளில் ஒருநாள்தான் மாஸ்டர் அவளைத் தீயணைப்பு நிலையத்துக்கு அளவெடுக்கக் கூப்பிட்டதும், அவள் வரமாட்டேன் என்றதும்.

அவளுடன் இணைத்துவிடப்பட்டவன் இயற்பியலில் முதலிடம் பெற்று வந்தவன். தங்கப்பதக்கம் என்றே எல்லாரும் அவனை அழைப்பார்கள். அவனும் அதை மறுப்பதில்லை. கணக்குப் பக்கம் அவளை அண்டவே விடவில்லை. அவள் அளந்து சொல்ல வேண்டும். அவன் எழுதிக்கொண்டு கணக்குப் போடுவான். ஏற்பாடு அது.

அன்று மாடிப்படியில் அவன் அவளுக்காகக் காத்திருந்தான்.

"கடைசி நாள் அளவு என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"பதினஞ்சரை."

"வட்டம் எவ்வளவு அகலம்?"

"பதினஞ்சு."

"அப்ப புள்ளி எங்க இருக்கு, ராஜாராணி? சூரியனுக்கு வெளியில அரை சென்டிமீட்டர் தள்ளி நின்னு காத்து வாங்குதா?"

ஒவ்வொரு தாளிலும் இருமுறை அளந்தது அவளுக்கு நினைவிருந்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான். அந்த எண்களையெல்லாம் கிழித்துப் போட்டாயிற்று; இருபத்தேழு வருமாறு வேறு எண்களை எழுதி, இருவர் பெயரிலும் அறிக்கையைக் கொடுத்தாயிற்று. அவளைக் காப்பாற்றவே அப்படிச் செய்தானாம், நன்றி சொல்லவேண்டியதில்லையாம்.

நன்றி சொல்ல நேரமும் இருக்கவில்லை. அவன் பேசி முடிக்குமுன் ஆய்வகத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர் அம்மையார் அவளை உள்ளே அழைத்தார். மேசைமீது எட்டுத் தாள்களும் அறிக்கையும் விரித்திருந்தன. தாளில் உள்ள புள்ளிக்கும் அட்டவணையில் உள்ள எண்ணுக்கும் ஓரிடத்தில்கூடப் பொருத்தமில்லை. ஓரிடத்தில் மூன்று மில்லிமீட்டர் கூடுதல், ஓரிடத்தில் ஏழு குறைவு. அட்டவணையின் கீழே, அளவீடு என்பதற்கு நேரே அவள் பெயரும், கணக்கீடு என்பதற்கு நேரே அவன் பெயரும் இருந்தன.

"அளக்காமலேயே நம்பர் எழுதியிருக்கீங்க" என்றார் அம்மையார். "கணக்கு வரலைன்னா மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிக்கறது? வியாழக்கிழமை குழுவுல பேசிக்கலாம். போங்க."

அவன் எண்களை மாற்றினான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆனால், அடுத்த கேள்வி அப்படியானால் நீ அளந்த எண் என்ன என்பதாக இருக்கும். சூரியனுக்கு வெளியே அரை சென்டிமீட்டர் என்று எந்த முகத்தோடு சொல்வது? தலை குனிந்து வெளியே வந்தாள். தான் உண்மையிலேயே மூடம்தானோ, வீடும் துறையும் சேர்ந்து சொல்லுவது மெய்தானோ என்ற எண்ணம் பேருந்து முழுவதும் அவளோடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை வாத்தியக் குழுத் தலைவர் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். பருத்த மனிதர். உடன் ஊதுகுழல்காரர் ஒருவரும் வந்திருந்தார். மாஸ்டர் தம் கையாலேயே கோட்டை மாட்டி, கழுத்துக் கொக்கியைப் போட்டு, இரண்டடி பின்வாங்கிப் பார்த்தார். கழுத்துப் பட்டை தொண்டையைத் தொடாமல் கிணற்றுச் சுவர்போல் சுற்றி நின்றது. கைகள் விரல்நுனிவரை தொங்கின.

ஊதுகுழல்காரர் பட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "மாஸ்டர், இதுக்குள்ள எங்க தலைவரோட சேத்து ஒரு டிரம்மையும் வச்சுப் பொத்தான் போட்டுடலாம்."

தலைவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாற்பத்திரண்டும் சரியாக வந்துசேர வேண்டும், இல்லையென்றால் துணிக்கு நீங்களே பதில் சொல்லவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் அளவுப் புத்தகத்தைப் புரட்டினார். தீயணைப்பு நிலையத்தில் அளவு எழுதியவன் மருமகன்; மனைவியைக் கொண்டுவிட வந்தவன் நழுவப் பார்த்தான், அவர் விடவில்லை.

"கழுத்து பதினேழுன்னு எழுதியிருக்கீங்க?"

"நீங்க பதினேழுன்னு கூப்பிட்டீங்க மாமா."

"நான் பதினேழுன்னு கூப்பிட்டா நீங்க பதினாறுன்னு எழுதணும்."

"அது எந்த ஊர் நியாயம்?"

அது அந்த வீட்டு நியாயம். மாஸ்டருடைய அளவு நாடாவின் முதல் அங்குலம் நைந்து பிய்ந்துபோய் இருபது வருடமாகிறது. புது நாடா அவர் கைக்குப் பிடிக்கவில்லை. ஒன்று என்ற கோட்டையே தொடக்கமாக வைத்து அளப்பார். கண்ணுக்குத் தெரிகிற எண்ணை அப்படியே கூப்பிடுவார். எழுதுகிறவர் அதில் ஒன்றைக் கழித்து எழுதவேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்கு இது மூச்சுவிடுவது போன்ற காரியம். மருமகனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மூச்சுவிடுவது எப்படி என்று யார் யாருக்குச் சொல்லித் தருவார்கள்? ஆகவே நாற்பத்திரண்டு பேருக்கும் கழுத்தில் ஓரங்குலம், மார்பில் ஓரங்குலம், கையில் ஓரங்குலம் கூடிவிட்டது. மேசைமேல் கிடக்கும் துணியில் அது தெரியாது. ஆள்மேல் ஏறினால்தான் தெரியும்.

"பத்து வயசுப் புள்ளைக்குத் தெரியும் இது" என்று மாஸ்டர் கர்ஜித்தார்.

"அந்தப் பத்து வயசுப் புள்ளை வளந்து சூரியன அளக்கப் போயிடுச்சு. அதான் என்னை இழுத்துட்டுப் போனீங்க" என்றான் மருமகன்.

எல்லாருடைய பார்வையும் சின்னவள்மேல் திரும்பியது. பத்து வயதிலிருந்து அப்பாவுக்கு அளவு எழுதியவள் அவளே. அவளோ சுவரோடு சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தியும் அச்சிரிப்பு நிற்கவில்லை. அளவெடுப்பவர் ஒன்றில் வைப்பார், கூப்பிடுவார், எழுதுகிறவர் கழிப்பார். மாடியில் அளந்தவள் அவள், எழுதியவன் தங்கப்பதக்கம். புத்தம்புது எஃகு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, நைந்த நாடாவைப்போல் அதன் ஒன்றாங்கோட்டை ஓரத்தில் பொருத்தியிருக்கிறாள். எட்டுத் தாளிலும். பதினைந்தரை அல்ல, பதினாலரை. புள்ளி சூரியனுக்குள்ளேதான் இருக்கிறது.

தாய் எழுந்துவந்து அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். "வீடு பத்தி எரியுது, உனக்குச் சிரிப்பு வருதா?"

அடி வலித்தது. சிரிப்பு அதற்குப் பிறகே நின்றது.

பெரிதாய் வெட்டியதைச் சிறிதாக்கலாம், அதுவொன்றே ஆறுதல். நாற்பத்திரண்டு கோட்டையும் பிரிக்கவேண்டும். பிரித்த நூலைப் பிசிறு பிசிறாய் எடுத்து, ஓரத்தை வெட்டி, மறுபடி தைத்து, இஸ்திரி போடவேண்டும். மாஸ்டர் பங்கு பிரித்தார்: பெண்கள் மூவருக்கும் ஆளுக்குப் பதினான்கு. வெட்டும் இஸ்திரியும் அவருடையவை. வெள்ளிக்கிழமை முடிகிறவரையில் ஒருவரும் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்றார். வியாழக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதை அவர் மறக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

புதன்கிழமை நாள் முழுவதும் பிரித்தார்கள். மின்விசிறி போட்டால் நூற்பிசிறு பறந்து கண்ணில் விழுகிறது. போடாவிட்டால் வியர்வை துணியில் சொட்டுகிறது. மதியம் அவரவர் இடத்திலேயே சோற்றையும் பருப்பையும் தட்டில் வாங்கி, இடக்கையால் கோட்டைத் தள்ளிவைத்துக்கொண்டு உண்டார்கள். மாலையில் மாஸ்டர் நூல் வாங்கப் போயிருந்தபோது பெரியவள் தலைநிமிராமல் பேசினாள்.

"நாளைக்குப் போகப்போறியா?"

"போய்த்தான் ஆகணும்க்கா. நான் அளந்தது சரிதான்னு சொல்லணும். மத்தியானம் வந்துடுவேன்."

"உன் பங்கை நான் தொடமாட்டேன்."

"தொட வேணாம். வந்து நானே முடிக்கறேன்."

பெரியவள் ஒரு தையலைப் பிரித்து முடித்தாள். பிறகு சொன்னாள்:

"எட்டாவதோட என்னை இந்த ஸ்டூல்ல உக்கார வச்சாங்க. எதுக்கு? வீட்டுல ஒருத்தியாவது படிக்கட்டும்னு. நீ படிச்சே. நான் ஒண்ணும் சொல்லல. உனக்கு வேலை வந்ததும் கொஞ்சம் முதுக நிமித்தலாம்னு இருந்தேன். நீ பாட்டுக்கு வேலைய விட்டுட்டு மொட்ட மாடியில புள்ளி வைக்கப் போயிட்டே. சூரியன் எத்தனை நாளுல சுத்தினா என்னடி? நான் இங்க உக்காந்தே இருக்கேன்."

அக்காளின் கழுத்துக்குக் கீழே முதுகெலும்பு ஒரு முடிச்சாகத் துருத்திக்கொண்டிருப்பதைச் சின்னவள் அன்றுதான் பார்த்தாள். பார்த்தபின் தன் கையிலிருந்த கோட்டைப் பிரிக்கலானாள். விளக்கேற்றும் நேரத்துக்குள் அவள் பங்கில் ஆறு முடிந்திருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் பையை எடுத்தபோது மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார். கையை ஓங்குவார் என்று தாய்கூட எதிர்பார்த்தாள். அவர் வழிவிட்டார்.

"போறது போறே. தோத்துட்டு வா" என்றார்.

குழுவில் இருவரே இருந்தார்கள்: துறைத்தலைவரும் விரிவுரையாளர் அம்மையாரும். துறைத்தலைவர் அவளை உட்காரச் சொல்லவில்லை. கலைப்பிரிவு மாணவர்களைச் சேர்ப்பதைத் தாம் முதலிலிருந்தே எதிர்த்துவந்ததாகவும், இந்த விவகாரம் தமக்கு வியப்பளிக்கவில்லை என்றும் சொன்னார். அவள் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். அப்பாவின் நாடாவைச் சொன்னாள். ஒன்றில் வைத்து அளந்ததைச் சொன்னாள். அட்டவணையில் உள்ளவை தன் எண்கள் அல்ல என்றும் சொன்னாள்.

"தையற்கடைப் பழக்கத்த இங்க கொண்டுவந்திருக்கீங்க. சைபர் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு வானியல் எதுக்கு?"

"எனக்குச் சைபர் எங்க இருக்குன்னு தெரியும் சார். கைக்குத் தெரியல."

அம்மையார் எட்டுத் தாள்களையும் ஓர் அளவுகோலையும் அவள் பக்கம் நகர்த்தினார். அளந்து காட்டும்படி சைகை செய்தார். சின்னவள் முதல் தாளின்மேல் அளவுகோலை வைத்தாள். வைத்தபின்புதான் பார்த்தாள், கை மறுபடியும் ஒன்றாங்கோட்டையே ஓரத்தில் கொண்டு நிறுத்தியிருந்தது. முகம் சுட்டது. ஆயினும் அதை நகர்த்தவில்லை. மூன்று புள்ளி ஒன்று, ஒன்று போனால் இரண்டு புள்ளி ஒன்று என்று உரக்கச் சொன்னாள். அம்மையார் தம் அளவுகோலைச் சைபரில் வைத்து அளந்தார். இரண்டு புள்ளி ஒன்று. எட்டாவது தாள்: பதினைந்தரை, ஒன்று போனால் பதினாலரை. அம்மையார் அளந்தார். பதினாலரை. இடையிலிருந்த ஆறும் அவ்வாறே.

தங்கப்பதக்கத்தை உள்ளே அழைத்தார்கள். அவள் அளந்து சொன்ன எண்களை எழுதிய தாள் எங்கே என்று அம்மையார் கேட்டார். கிழித்துவிட்டதாகச் சொன்னான். ஏன் என்றார். இருபத்தேழு வரவில்லை என்றான். அதற்குமேல் அவனை ஒன்றும் கேட்கவில்லை. வெளியே நிற்கச் சொன்னார்கள். போகும்போது அவன் அவளைப் பார்த்த பார்வையில், இனிப் படிப்பு முடியும்வரை அவளுக்குக் கூட்டாளி என்று ஒருவரும் அமையமாட்டார்கள் என்பது எழுதியிருந்தது.

"சரி, நீங்களே கணக்குப் போடுங்க" என்று துறைத்தலைவர் கரும்பலகையைக் காட்டினார்.

மற்றவர்கள் நான்கு நிமிடத்தில் போடுவதை அவள் அரைமணி நேரம் போட்டாள். ஒருமுறை கழித்தலில் தவறி அழித்தாள். துறைத்தலைவர் கடிகாரத்தை அவள் பார்க்கும்படியாகவே பார்த்தார். கடைசியில் இருபத்தெட்டு நாளும் சொச்சமும் வந்தது.

"புத்தகத்துல இருபத்தேழு. உங்க சூரியன் ஏன் ஒரு நாள் லேட்டா வருது?"

"ஓரத்துல இருக்கற புள்ளியாலதான்னு நினைக்கறேன் சார். பென்சில் முனை அரை மில்லிமீட்டர் இருக்கு. நடுவுல அரை மில்லிமீட்டர் தப்பினா அரைப் பாகைகூட மாறாது. ஓரத்துல ஒரு பாகைக்கு மேல மாறுது. சூரியன் தட்டையா இல்லையே. தோள் திரும்பற இடத்துல நாடா பிடிச்சா இப்படித்தான், கொஞ்சம் நகந்தாலும் நிறைய ஏமாத்தும்."

"நினைக்கறீங்களா, தெரியுமா?"

"கணக்கா நிரூபிக்க இன்னும் தெரியல சார்."

துறைத்தலைவரும் அம்மையாரும் தாழ்ந்த குரலில் சிறிது நேரம் விவாதித்தார்கள். முடிவைத் துறைத்தலைவர் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். பொய் எழுதினாள் என்ற குற்றம் நீங்கியது. தேறினாள் என்று சொல்வதற்கில்லை. ஆறு மாதத்துக்குச் சோதனை நீட்டிக்கப்படும். அதற்குள் கணக்குத் தாள் இரண்டிலும் தேறவேண்டும். இல்லையேல் அதற்குப்பின் கூட்டமும் கிடையாது, கேள்வியும் கிடையாது. அம்மையார் தாள்களை அடுக்கிக்கொண்டே, அளவுகோலின் முதல் சென்டிமீட்டரை வெட்டியெறிந்துவிட்டு இனி அளக்கப் பழகுங்கள் என்றார். அது கேலியா யோசனையா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை.

அவள் வீடு திரும்பியபோது இரண்டு மணி. அவளுடைய இயந்திரத்தின்மேல் அவள் பங்கு எட்டுக் கோட்டுகள் வைத்தது வைத்தபடியே இருந்தன. பெரியவள் சொன்ன சொல் தவறாதவள். ஒருவரும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவள் பேசாமல் வந்து உட்கார்ந்ததையே விடையாக எடுத்துக்கொண்டார்கள். தோற்று வந்திருக்கிறாள் என்று மாஸ்டர் நம்பினார். அன்று முழுவதும் அவளை அவர் ஏசவில்லை. அந்த நிம்மதியைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அது அவளுடைய கோழைத்தனமே.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தாய், துவைத்து மடித்த நல்ல உடை ஒன்றைக் கொண்டுவந்து மகளின் இயந்திரத்தின்மேல் வைத்தாள். சின்னவள் அதை எடுத்துப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டுக் கடைசிக் கோட்டுக்குக் கொக்கி வைத்தாள். நாலு மணிக்கு வாத்தியக் குழுவினர் வந்தார்கள். தலைவர் கோட்டை மாட்டினார். கழுத்துப் பட்டை தோலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. குனிந்தார், நிமிர்ந்தார், ஊதுவதுபோல் கன்னத்தை உப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாததால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

மாஸ்டர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். கடிகாரம் நாலரையைக் காட்டியது.

"இப்பக் கிளம்பினாக்கூட பஸ் பிடிச்சுப் போயிடலாம். ஏன் உக்காந்திருக்கே?"

"போகலப்பா."

இடப்பக்க இயந்திரம் நின்றது.

"அவங்கதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே?"

"சொல்லல. இன்னும் ஆறு மாசம் பாக்கறோம்னு சொன்னாங்க."

"ஆறு மாசம் கழிச்சு?"

"கணக்குல பாஸ் பண்ணா இருக்கலாம். இல்லைன்னா போகச் சொல்லிடுவாங்க."

"பண்ணுவியா?"

"தெரியாதுப்பா."

மாஸ்டர் வெட்டுமேசையில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டார். "நகராட்சியில சாகற வரைக்கும் வேலை. உன் துறையில தெரியாது. தெரியாததுக்காகத் தெரிஞ்சத விடறே."

"ஆமாப்பா."

"இவளப் பாரு" என்று பெரியவளைக் காட்டினார். "இவ முகத்தப் பாத்துச் சொல்லு."

சின்னவள் அக்காளைப் பார்த்தாள். பெரியவள் கண்ணை எடுக்காமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கெஞ்சல் ஏதுமில்லை. "அக்காவுக்கு நான் செய்யறது துரோகம்தான்" என்றாள் சின்னவள். "தெரிஞ்சேதான் செய்யறேன்."

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினாள். அதில் துணியில்லை. வெறும் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பேருந்து தெருமுனையில் வந்து நின்றது, போயிற்று. அடுத்த பேருந்தும் வந்து போயிற்று. ஐந்து அடித்து முடிந்தபின் மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினார்.

"கேட்டுக்க. இந்த வீட்டுல உனக்குச் சோறு உண்டு. பேச்சு கிடையாது. நானும் பேசமாட்டேன், இவங்களும் பேசமாட்டாங்க. இதுதான் கடைசி."

"சரிப்பா" என்றாள் சின்னவள்.

அவள் எழுந்துபோய்க் கைகால் கழுவிவிட்டு வந்து, தாய்க்கு எதிரே தரையில் அமர்ந்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் உண்டிருக்கவில்லை.

"சோத்தப் போடும்மா. பசிக்குது."

தாய் கணவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், தட்டை நங்கென்று தரையில் வைத்துச் சோற்றைக் கொட்டினாள். சின்னவள் குனிந்து உண்டாள். அறையில் அவள் மெல்லும் ஒலியைத் தவிர வேறு ஒலியில்லை. தட்டு காலியானதும் அதைத் தாயின் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் கேட்டாள்.